விழுங்கியது என்னும் வினைச்சொல்

இளங்கலைத் தமிழ் மாணவர்களுக்கு 'அறிவியல் தமிழ்' என்றொரு தாள் உண்டு. அதை நடத்த எவரும் விரும்பி முன்வருவதில்லை; சங்க இலக்கியமோ இக்காலக் கவிதையோ கிடைக்காதவர் தலையில் அது விழும். சென்ற பருவத்தில் நம் தலையில் விழுந்தது. நாளிதழில் வரும் அறிவியற் செய்தி ஒன்றைக் கத்தரித்து வந்து, அதன் மொழிநடையைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லியிருந்தோம். காரமடைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் மாணவி கொண்டுவந்த துணுக்கு, ஒரு விண்மீனைக் கருந்துளை விழுங்கியதையும், அதை வானொலித் தொலைநோக்கிகள் கண்டறிந்ததையும் சொல்லியது. வாசித்து முடித்தவள் நடையைப் பற்றி ஏதும் பேசவில்லை. "முழுங்கிப் போட்டுதுன்னா அப்புறம் வெளிச்சம் எங்கிருந்துங்கய்யா வந்துச்சு?" என்று கேட்டாள்.

நமக்கு விடை தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தோம். ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. தேடிப் படித்தவற்றுள் நமக்குப் புரிந்த அளவில் இங்கே எழுதுகிறோம். நாம் இயற்பியல் கற்றவர்கள் அல்லர். சொல்லைப் பற்றிக் கவலைப்படுவது நம் தொழில். அந்த மாணவி கேட்டது இயற்பியற் கேள்வியாகத் தோன்றினும் அடிப்படையில் அது ஒரு வினைச்சொல்லைப் பற்றிய கேள்வி என்பதே நம் எண்ணம்.

பெரும்பாலான அண்டங்களின் நடுவே பேரளவு நிறைகொண்ட கருந்துளை ஒன்று இருக்கிறது. நம் பால்வீதியின் நடுவிலுள்ளது சூரியனைப் போல் ஏறத்தாழ 40 இலட்சம் மடங்கு நிறையுடையது. இத்தகைய ஒன்றினருகே தப்பித் தவறி ஒரு விண்மீன் வந்துவிட்டால் என்ன ஆகும்? கருந்துளையை நோக்கியிருக்கும் பக்கம் வலுவாக இழுக்கப்படும். மறுபக்கம் அதைவிடக் குறைவாக இழுக்கப்படும். இழுப்பின் அளவன்று, இரு பக்கத்து இழுப்புக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் இங்கே கொலைக்கருவி. நிலவு நம் கடலைத் தூக்கி இறக்குவதும் இதே வேறுபாட்டினால்தான். கடலில் ஓதமாக எழுவது அங்கே விண்மீனையே நூலாக இழுத்துப் பிய்த்துவிடுகிறது. 10 இலட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளையாயின், சூரியன் போன்ற விண்மீன் ஒன்று ஏறத்தாழ 7 கோடி கிலோமீட்டர் தொலைவிலேயே பிய்ந்துபோகும். அந்தக் கருந்துளையின் விளிம்போ வெறும் 30 இலட்சம் கிலோமீட்டர் ஆரத்தில் இருக்கிறது. அதாவது வாய் என்று ஒன்று இருப்பதாகக் கொண்டால், அதற்கு வெகு தொலைவில், வாசலுக்கு வருமுன்னரே எல்லாம் முடிந்துவிடுகிறது.

பிய்ந்த பொருளில் ஏறத்தாழப் பாதி, கருந்துளையின் பிடிக்கே அகப்படாமல் வெளியே வீசப்பட்டுப் போய்விடும். மறுபாதி நீண்ட ஓடையாகச் சுற்றித் திரும்பி வந்து, தன்மேல் தானே மோதி, வெப்பமேறி ஒளிர்கிறது. மாணவி கேட்ட வெளிச்சம் அதுதான். முழுதாக விழுங்குவதும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அது கருந்துளையின் நிறை 10 கோடிச் சூரியன்களைத் தாண்டும்போது; அப்போது விண்மீன் பிய்வதற்கு முன்பே விளிம்பைக் கடந்து மறைந்துவிடும், வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆக, விழுங்கினால் செய்தி இல்லை. செய்தி இருந்தால் விழுங்கவில்லை. நாளிதழ்த் தலைப்பு எழுதியவர் ஒரே ஒரு சொல்லில், நடந்ததற்கு நேர் எதிரானதைச் சொல்லிவிட்டார்.

இதைச் சிறு பிழை என்று சொல்வோர் இருக்கக்கூடும். தமிழ்த் தொடரில் வினை கடைசியில் நிற்கிறது. கேட்பவன் மனத்தில் தங்குவதும் அதுதான். பெயர்ச்சொல்லைக் கடன் வாங்கலாம், தவறில்லை. எலக்ட்ரானை எலக்ட்ரான் என்றே எழுதினால் தமிழ் குறைந்துவிடாது என்பதே நம் கட்சி. தனித்தமிழ் நண்பர்கள் நம்மோடு சண்டைக்கு வரலாம். ஆனால் வினையை யாரிடமிருந்தும் கடன் வாங்க இயலாது. அது நம்முடையதாகவே இருந்தாக வேண்டும். அப்படியிருக்க, அதைத்தான் நாம் யோசியாமல் போட்டுவிடுகிறோம். கருந்துளை என்றால் விழுங்கும், புயல் என்றால் மிரட்டும், விலைவாசி என்றால் விண்ணை முட்டும். இது மொழியின் வறுமையன்று, எழுதுபவரின் சோம்பல்.

வானொலிக்கு வருவோம். 'வானொலி' என்ற சொல்லை ஆக்கியவர்கள் வீட்டுக் கூடத்திலிருந்த பெட்டியைத்தான் மனத்திற் கொண்டிருப்பார்கள். வானத்திலிருந்தே வரும் அலைகளைக் கேட்கும் கருவிக்கு அது இத்தனை பொருந்தும் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். விண்மீன் பிய்ந்த இடத்திலிருந்து வெளியே வீசப்படும் பொருள், அங்கே சூழ்ந்திருக்கும் மெல்லிய வாயுவில் மோதுகிறது. மோதுமிடத்தில் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒளியின் விரைவைப் பெற்றுக் காந்தப்புலத்தில் சுழன்று சுழன்று வானொலி அலைகளை வெளியிடுகின்றன. தொடக்கத்தில் அந்த மேகம் அடர்த்தியாயிருப்பதால் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் உள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். உயர்ந்த அதிர்வெண்தான் வெளியே வரும். மேகம் விரிய விரிய, உச்சம் மெல்லத் தாழ்ந்துகொண்டே வரும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீளும் ஓர் அவரோகணம் எனலாம். அந்த இறக்கத்தை அளந்தே, வீசப்பட்ட பொருள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, எத்தனை விரைவு, சுற்றுப்புறம் எப்படிப்பட்டது என்று கணிக்கிறார்கள். புறஊதாவும் கட்புலன் ஒளியும் நடந்த கணத்தின் ஆரவாரம். பின்னர் என்ன ஆயிற்று என்பதைச் சொல்வது வானொலி.

கோட்பாடு பழையது. 1975இல் ஜாக் ஹில்ஸ் என்பவர் கருந்துளையருகே விண்மீன் சிதைவதைப் பற்றி எழுதினார். 1988இல் மார்ட்டின் ரீஸ் அதன் வெளிச்சம் எப்படியிருக்கும் என்று கணக்கிட்டார். காட்சி வரத்தான் நாளாயிற்று. ஓர் அண்டத்தில் பத்தாயிரம் அல்லது இலட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வதை யார் காத்திருந்து பார்ப்பது? பல இலட்சம் அண்டங்களை ஒருசேரக் கண்காணிக்கும் கருவிகள் வந்தபின்தான் அது கைகூடியது. 2011 மார்ச் 28 அன்று ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் கண்ட வெடிப்பொளி, 380 கோடி ஒளியாண்டுகளுக்கப்பால் ஒரு விண்மீன் பிய்ந்து, அதிலிருந்து ஒரு தாரை நேரே நம்மை நோக்கிப் பாய்ந்ததால் வந்தது என்று முடிவாயிற்று. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் அதன் எக்ஸ் கதிர் திடீரென அற்றுவிட்டது. வானொலி அலை மட்டும் அதன்பிறகும் நீடித்தது.

நம்மை மிகவும் தொட்டது இன்னொரு நிகழ்வு. 2018 அக்டோபரில் 66 கோடி ஒளியாண்டுகளுக்கப்பால் ஒரு விண்மீன் பிய்ந்தது. ஏ.டி.2018எச்.ஒய்.இசட். என்பது அதன் பெயர். வாகனப் பதிவெண் போல இருக்கிறது. சிறப்பாக ஒன்றுமில்லாத நிகழ்வு. வானொலித் தொலைநோக்கிகள் முதற்சில மாதங்கள் பார்த்தன, ஏதும் கேட்கவில்லை. அத்தோடு கோப்பை மூடிவைப்பதே வழக்கம். யெவெட் செண்டெஷ் என்ற பெண் அறிவியலாளரின் குழு, பழைய நிகழ்வுகளை ஆண்டுகள் கழித்து மறுபடி ஒருமுறை பார்ப்போம் என்று முனைந்தது. 972 நாட்கள் கழித்து, 2021 ஜூனில், அமைதியாயிருந்த அந்த இடம் பேசத் தொடங்கியிருப்பதைக் கண்டார்கள். பொருள் ஒளியின் விரைவில் பாதியளவு வரை வெளியேறிக்கொண்டிருக்கக்கூடும் என்று 2022இல் எழுதினார்கள். ஏன் இந்தத் தாமதம்? பொருள் பிந்தித்தான் வீசப்பட்டதா, அல்லது தொடக்கத்திலேயே பக்கவாட்டில் பாய்ந்த தாரை இப்போதுதான் நம் பார்வைக்கு விரிந்ததா என்று இன்னும் வழக்காடுகிறார்கள். அதே குழு 24 நிகழ்வுகளை இவ்வாறு திரும்பப் பார்த்து 2024இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. ஏறத்தாழப் பத்தில் நான்கு, நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான நாட்கள் கழித்து வானொலியில் ஒலித்தன. அரிது என்று எண்ணியது அரிதன்று. திரும்பிப் பார்க்கத்தான் ஆளில்லை.

சுவடி தேடியவர்களின் வரலாற்றைப் படித்த நமக்கு இது புதிதில்லை. ஒருமுறை போய் ஏமாந்த வீட்டுக்கு இரண்டாம் முறை போனவருக்குத்தானே ஏடு கிடைத்தது?

இந்தியாவின் பங்கு இதில் என்ன என்று கேட்கலாம். 2022 பிப்ரவரியில் 850 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இத்தகைய தாரை ஒன்று மீண்டும் நம் திசை நோக்கி எழுந்தது, ஏ.டி.2022சி.எம்.சி. என்று பெயரிட்டார்கள். உலகமே தன் கருவிகளை அதன்பால் திருப்பியபோது, இலடாக்கின் ஹான்லேயிலுள்ள சிறு தொலைநோக்கியும், அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளும், புனேக்கு வடக்கே நாராயண்காவ் அருகிலுள்ள பெரு மீட்டரலை வானொலித் தொலைநோக்கியும் அப்பணியில் இருந்தன. நாராயண்காவில் 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 கிண்ணங்கள் 25 கிலோமீட்டர் அளவுக்குப் பரந்து நிற்கின்றன. தாழ்ந்த அதிர்வெண்களைக் கேட்பதில் உலகின் முன்வரிசைக் கருவிகளுள் ஒன்று. மேலே சொன்ன அவரோகணத்தின் கீழ்ச் சுரங்கள் வரும்போது இத்தகைய செவிதான் வேண்டும்.

அந்த முப்பது கிண்ணங்களுக்கும் தாய்வீடு எது என்றறிந்தபோது நமக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. நாம் பிறந்து வளர்ந்தது மேட்டுப்பாளையம். நாள்தோறும் வடக்கே பார்த்தால் நீலமலை. இரவெல்லாம் மலையிலிருந்து கேரட்டும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் மண்டிக்கு இறங்கிக்கொண்டேயிருக்கும். பகலெல்லாம் சுற்றுலா வண்டிகள் ஏறிக்கொண்டேயிருக்கும். பல்சக்கர இரயிலையும் தாவரவியற் பூங்காவையும் பற்றி எவரைக் கேட்டாலும் அரை மணி நேரம் பேசுவார்கள். உதகைக்கு அப்பால் ஒரு சில கிலோமீட்டரில் முத்தோரை என்ற இடத்தில் மலைச்சரிவோடு சாய்ந்து கிடக்கும் 530 மீட்டர் நீளமான வானொலித் தொலைநோக்கியைப் பற்றிக் கேட்டால், பேருந்திலிருந்து பார்த்ததாகச் சிலர் சொல்வார்கள். மின்வாரியத்தினுடையது என்று நாமே பல்லாண்டுகள் எண்ணியிருந்தோம். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அதை அமைத்தவர் கோவிந்த் சுவரூப். வெளிநாட்டில் நல்ல இடத்திலிருந்தவர். 1963இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் திரும்பி வந்தார். அவர் கண்ட உபாயம் எளிமையானது. பூமியின் அச்சுக்கு இணையாக ஒரு நீண்ட கருவியைக் கிடத்திவிட்டால், அதை ஒரே அச்சில் உருட்டிக்கொண்டே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். அதற்கு, அந்த இடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை சாய்ந்த தளம் வேண்டும். செயற்கையாகக் கட்டப் பணமில்லை. ஆகவே, 11 பாகை அட்சரேகையில், வடதெற்காக 11 பாகையே சரிந்திருக்கும் மலைச்சரிவைத் தேடினார்கள். அது நீலகிரியில் கிடைத்தது. 30 மீட்டர் அகலத்துக்கு 24 பரவளையச் சட்டங்களை நிறுத்தி, அவற்றின் மேல் 1100 துருவேறா எஃகுக் கம்பிகளை நீளவாக்கில் இழுத்துக் கட்டினார்கள். கணக்கிட்டுப் பார்த்தோம். அக்கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 580 கிலோமீட்டருக்கு மேல் வரும்; இங்கிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை போய்ச் சேர்ந்து, இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். 1970இல் அது வேலை செய்யத் தொடங்கியது.

நிலவைக் கொண்டு அது செய்த வேலை அழகானது. வானொலி மூலம் ஒன்றை நிலவு கடந்து மறைக்கையில், அலை சட்டென்று அறுகிறதா, மெல்லத் தேய்ந்து அறுகிறதா என்பதை வைத்தே அம்மூலத்தின் உருவளவைக் கணிக்கலாம். இவ்வாறு நூற்றுக்கணக்கான மூலங்களை அளந்து, 1975இல் சுவரூப்பும் விஜய் கபாஹியும் பேரண்டம் என்றும் ஒரே படியாக இருந்ததில்லை, அது மாறி வந்திருக்கிறது என்பதற்குச் சான்று தந்தார்கள். கருந்துளையருகே விண்மீன் சிதைவதைப் பற்றி ஹில்ஸ் எழுதிய அதே ஆண்டு. முத்தோரைக் கருவி அத்தகைய சிதைவுகளைக் கண்டதாகச் சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக் காற்றும் துடிவிண்மீன்களும்தான் பின்னாளில் அதன் துறை. ஆனால் கம்பியை இழுத்துக் கட்டிச் சிக்கனமாகப் பெரிதாக ஆக்கலாம் என்னும் துணிவை அங்கே பெற்றவர்கள்தாம் நாராயண்காவில் முப்பது கிண்ணங்களைக் கம்பி வலையால் பின்னினார்கள். சுவரூப் 2020 செப்டம்பரில் மறைந்தார். தமிழில் இரங்கற் குறிப்பு எழுதியவர்கள் எத்தனை பேர் என்று தேடினோம். நம் கண்ணுக்கு ஒன்றிரண்டுதான் அகப்பட்டன. இலக்கியச் சிற்றிதழ்களில் ஒன்றையும் காணோம்.

கொங்கு நாட்டுக்கு இது அடுக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. கோவையிலிருந்துதான் ஜி.ஆர். தாமோதரன் முயற்சியில் 'கலைக்கதிர்' என்ற அறிவியல் மாத இதழ் வெளிவந்தது. அவிநாசிலிங்கம் செட்டியார் ஊக்கத்தில் தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தபோது, அதன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்தவர் ஈரோட்டுப் பக்கத்துப் பெரியசாமித் தூரன். அவர் கீர்த்தனை எழுதிய கவிஞர். அணுவைப் பற்றிய கட்டுரையும் அவர் மேசையைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. சொல்லை நிறுக்கத் தெரிந்தவன் அறிவியல் எழுத்தில் கைவைக்க வேண்டும் என்ற தெளிவு அன்றைக்கு இருந்தது. இன்றைக்கு நம்மில் இலக்கியம் படிக்கிறவர்கள் அறிவியற் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். அப்புறம், அதன் தமிழ் மோசமாக இருக்கிறதென்று நாமே குறைபட்டுக்கொள்கிறோம்.

புறநானூற்றின் 229ஆம் பாடலை நினைத்துக்கொள்ளலாம். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் சாவுக்குமுன் ஒரு மீன் விழக் கண்டு கூடலூர் கிழார் பாடியது. நாம் அதைக் கையறுநிலைக்கும் நிமித்த நம்பிக்கைக்கும் எடுத்துக்காட்டாகத்தான் வகுப்பில் நடத்துவோம். இம்முறை திரும்பப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. மாதம் பங்குனி, நேரம் நள்ளிரவு, எந்த மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது அதற்கெதிரே எழுந்தது, எது மறையும் இடத்தில் இருந்தது என்றெல்லாம் வரிசையாகச் சொன்ன பின்னரே அவர் அஞ்சத் தொடங்குகிறார். விழுந்தது விண்மீனன்று, சிறு கல் என்று இன்று நமக்குத் தெரியும். அவருடைய முடிபு பிழை; அவருடைய பார்வையில் பிழையில்லை. இன்றைய தலைப்பெழுத்தாளருக்கு முடிபு கையிலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது; பார்க்கத்தான் அவர் மறுக்கிறார்.

சரி, என்ன சொல்லலாம்? இந்நிகழ்வை 'ஓதச் சிதைவு' என்று சொல்லலாம் என்பது நம் முன்மொழிவு. ஓதம் பழைய சொல், கடலேற்றத்தைக் குறிப்பது. வகுப்பில் சொன்னதும் சிரிப்பு எழுந்தது. நம் பக்கத்தில் ஓதம் என்றால் சுவரில் ஏறும் ஈரம். 'செவுத்துல ஓதம் அடிக்குதுங்கய்யா' என்றான் பின்வரிசைப் பையன். அதற்கு ஒரு நோயின் பெயராகவும் வழக்குண்டு. அதைச் சொல்லாமல் விட்டோம். ஆயினும் சுவரின் ஈரமும் கடலின் ஏற்றமும் ஒரே சொல்லில் இருப்பது குறையாகத் தோன்றவில்லை. நீர் தானாக மேலேறுவதைக் கண்ட ஒருவன்தான் இரண்டுக்கும் அப்பெயரை இட்டிருப்பான். 1994 ஜூலையில் வியாழனில் மோதிய ஷூமேக்கர்–லெவி வால்மீனை நினைவிருக்கிறவர்கள் இருப்பீர்கள். மோதுவதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே வியாழனின் இதே ஓத இழுப்பில் அது இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிய்ந்திருந்தது. அதையும் இச்சொல்லாலேயே குறிக்கலாம்.

இவ்வளவு பேச வேண்டுமா என்று நண்பரொருவர் கேட்டார். அறிவியல் கற்பவர்கள் எப்படியும் ஆங்கிலத்தில்தான் கற்பார்கள், தமிழில் யாருக்காக என்பது அவர் வாதம். அவருக்கு நம்மிடம் விடையாக இருப்பது அந்த மாணவிதான். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழ்வழியில் இயற்பியல் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவள். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலமாக இருக்கும் என்று வீட்டில் அஞ்சியதால் தமிழிலக்கியத்துக்கு வந்தாள். அவளை மாணவியாகப் பெற்றது நமக்கு ஊதியம். ஆனால் அந்த ஊதியத்தில் நமக்கு மகிழ்ச்சியில்லை. விழுங்கினால் வெளிச்சம் எப்படி வரும் என்று கேட்க அவளுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. ஒரு தமிழ் வினைச்சொல்லை அது சொல்லும் பொருளிலேயே எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். சொல்லைச் சொல்லாக மதித்ததால் எழுந்த கேள்வி அது. அத்தகையவளிடம் நாம் கொண்டுபோய்க் கொடுக்கும் தமிழ், பொய் சொல்கிறது.

பருவ முடிவில் அந்தச் செய்தித் துணுக்கையே எல்லாரும் திருத்தி எழுத வேண்டும் என்று பயிற்சி கொடுத்தோம். வினைச்சொல்லில்தான் பெரிய சச்சரவு. 'கிழித்தது' என்றனர் சிலர். துணியைக் கிழிப்பதுபோல் இருக்கிறதென்று மற்றவர்கள் மறுத்தனர். 'குதறியது' என்பது நாயை நினைவூட்டுகிறது என்று தள்ளப்பட்டது. 'பிய்த்தது' பெரும்பான்மை பெற்றது. பஞ்சைப் பிய்ப்பதைப் போல என்று நூற்பாலைக்கு வேலைக்குப் போகும் தாயின் மகன் ஒருவன் விளக்கம் சொன்னான். அந்த மாணவி மட்டும் கருந்துளையை எழுவாயாக வைக்காமல், 'ஓதத்தில் பிய்ந்த விண்மீனின் எச்சம் மூன்றாண்டு கழித்து ஒலித்தது' என்று எழுதியிருந்தாள்.

முத்தோரைக்கு மாணவர்களை அழைத்துப்போக அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். பங்குனியில் போகலாமென்று எண்ணம், மழையிருக்காது. அங்கே இருக்கும் நேரம் முழுவதும் செல்பேசிகளை அணைத்து வைக்க வேண்டும் என்று சொன்னபோது வகுப்பில் எழுந்த முனகல் அடங்கச் சற்று நேரமாயிற்று.